எரிநட்சத்திரம் எண்ண காவலூர் போகலாமா?

ஆலங்காயத்தைத் தாண்டியதும் பஸ் மூச்சு வாங்கத் தொடங்குகிறது. வளைவுக்கு வளைவு ஹாரன் சத்தம். வாணியம்பாடியின் புழுக்கத்தில் ஏறி உட்கார்ந்தவர்கள் பையைத் திறந்து ஸ்வெட்டரைத் தேடுகிறார்கள். ஜவ்வாது மலையின் காவலூர் நெருங்கிவிட்டது என்பதற்கு முதல் அடையாளம் குளிர். இரண்டாவது அடையாளம், மரங்களுக்கு மேலே தலை நீட்டும் பெரிய குவிமாடம். அதுதான் வைணு பாப்பு வான் ஆய்வகம்.

சென்னையிலிருந்து சுமார் 200 கி.மீ., பெங்களூரிலிருந்து சுமார் 175 கி.மீ. தூரத்தில் இருக்கும் இந்த மலைக் கிராமத்துக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் குடும்பங்களும் வருவது பெரும்பாலும் அந்தக் குவிமாடத்துக்குள் இருக்கும் தொலைநோக்கியைப் பார்க்கத்தான். அதன் கண்ணாடியின் விட்டம் 2.34 மீட்டர். 1986 ஜனவரியில் பிரதமர் ராஜீவ் காந்தி அதைத் திறந்து வைத்தார். அதைக் கனவு கண்டு உருவாக்கிய வைணு பாப்பு அப்போது உயிரோடு இல்லை, 1982லேயே காலமாகிவிட்டார். ஆய்வகத்துக்கும் தொலைநோக்கிக்கும் அவர் பெயரையே வைத்தார்கள்.

ஆனால், வருடத்தில் ஒரு சில இரவுகளில் மட்டும் அத்தனை பெரிய தொலைநோக்கியால் சல்லிக்காசு பிரயோஜனம் இல்லை. வெறும் கண்ணும் ஒரு பாயும் போதும். அந்த இரவுகளில் முக்கியமானது டிசம்பர் 13. விடிந்தால் 14. எரிநட்சத்திர மழை, அதாவது விண்கல் மழை, பொழியும் ராத்திரி அது. வானியல்காரர்கள் வைத்திருக்கும் பெயர் ஜெமினிட்ஸ்.

தொலைநோக்கி ஏன் உதவாது? அது வானத்தின் ஒரு சின்னத் துண்டைத்தான் பார்க்கும். எரிநட்சத்திரமோ எந்த மூலையில் எப்போது கோடு கிழிக்கும் என்று சொல்ல முடியாது. கிணற்றுக்குள் நின்றுகொண்டு ஊரைச் சுற்றும் குருவிகளை எண்ணுவது மாதிரி ஆகிவிடும். பைனாகுலரும் அப்படியே. மல்லாந்து படுத்து, எவ்வளவு வானம் கண்ணுக்குள் அடங்குமோ அவ்வளவையும் பார்ப்பதுதான் இதற்கு வழி.

எரிநட்சத்திரம் என்று சொன்னாலும் எந்த நட்சத்திரமும் விழுவதில்லை. விழுவது தூசு. பெரும்பாலும் மணல் பருக்கை அளவு, மிஞ்சிப் போனால் கடுகு, பயறு அளவு. வால் நட்சத்திரங்கள் சூரியனைச் சுற்றும்போது தங்கள் பாதையில் இந்தத் தூசைச் சிந்திக்கொண்டே போகும், மண் லாரி தெருவெல்லாம் மண் சிந்திவிட்டுப் போவதைப் போல. பூமி தன் சுற்றில் அந்தத் தெருவை ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் குறுக்கே கடக்கிறது. அதனால்தான் விண்கல் மழைக்குக் காலண்டரில் நாள் குறிக்க முடிகிறது. தரையிலிருந்து சுமார் 100 கி.மீ. உயரத்தில் காற்றில் உரசி, ஒரு நொடிக்குள் எரிந்து முடிகிறது கதை. ஜெமினிட்ஸ் தூசின் வேகம் நொடிக்கு 35 கி.மீ. பஸ்ஸில் பாதி நாள் ஆகும் சென்னை - காவலூர் தூரத்தை ஆறு நொடிக்குள் கடந்துவிடும்.

இதில் ஜெமினிட்ஸுக்கு ஒரு விசித்திரம் உண்டு. அதன் தாய், வால் நட்சத்திரமே இல்லை. 1983இல் ஐராஸ் என்ற விண்கலம் கண்டுபிடித்த ஃபேத்தன் எனும் சிறுகோள் அது. ஐந்தாறு கி.மீ. குறுக்களவு கொண்ட பாறை. ஒன்றரை வருடத்துக்கும் குறைவான காலத்தில் சூரியனை ஒருமுறை சுற்றிவிடுகிறது. அந்தச் சுற்றில் சூரியனுக்குச் சுமார் 2.1 கோடி கி.மீ. வரை நெருங்கிப் போய்த் திரும்புகிறது. புதன் கிரகம்கூட அவ்வளவு கிட்டே போவதில்லை. கிரேக்கக் கதையில் அப்பாவின் தேரை ஓட்டத் தெரியாமல் ஓட்டிக் கெட்ட சூரியனின் மகன் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள்.

சிறுகோள் என்றால் காவலூருக்குப் பழக்கமான சமாச்சாரம். 1988 பிப்ரவரி 17 அன்று இதே வளாகத்தில் ஆர்.ராஜமோகன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்தார். அதன் பெயர் 4130 ராமானுஜன். கணித மேதையின் பெயரில் ஒரு பாறை, செவ்வாய்க்கு அப்பால் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதற்கும் 127 வருடங்களுக்கு முன்பு, 1861இல், மெட்ராஸ் வான் ஆய்வகத்தில் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து அதற்கு 'ஆசியா' என்று பெயர் வைத்திருந்தார். மெட்ராஸில் தொடங்கி, கொடைக்கானலுக்குப் போய், காவலூருக்கு வந்து சேர்ந்த நீண்ட பரம்பரை இது.

இந்த மலையைப் பாப்பு தேர்ந்தெடுத்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, பூமத்திய ரேகைக்கு அருகில் இருப்பதால் வடக்கு வானமும் தெற்கு வானமும் இங்கிருந்து தெரியும். இன்னொன்று, இருட்டு. எரிநட்சத்திரம் பார்க்க வருபவர்களுக்குத் தேவைப்படுவதும் அந்த இரண்டாவது சரக்குதான்.

ஜெமினிட்ஸ் உச்சத்தில் மணிக்கு 120 முதல் 150 வரை விழும் என்று செய்திகளில் வரும். அதை நம்பி மொட்டை மாடிக்குப் போய் ஏமாந்தவர்கள் அநேகம். அந்த எண்ணிக்கை, மாசுமருவற்ற இருட்டு வானத்தில், மழை புறப்படும் புள்ளி நேர் உச்சியில் இருந்தால் கிடைக்கும் கணக்கு. நல்ல மலைக்கிராமத்து வானத்தில் 60, 70 எண்ணினாலே பெரிய விஷயம். சென்னை, கோவை போன்ற நகரத்து மாடியில் ஒரு மணி நேரத்துக்கு நாலைந்து தேறினால் அதிர்ஷ்டம். விழுவதில் பெரும்பாலானவை மங்கலானவை. தெருவிளக்கு வெளிச்சம் அவற்றைத்தான் முதலில் விழுங்கும்.

அந்தப் 'புறப்படும் புள்ளி' எங்கே இருக்கிறது? ஜாதகம் பார்க்கும் வீடுகளில் எல்லோருக்கும் தெரிந்த இடத்தில்தான். மிதுன ராசியின் இரட்டை நட்சத்திரங்கள், நம் பஞ்சாங்கத்தின் புனர்பூசம். டிசம்பர் நடுவில் இரவு எட்டு மணிக்குக் கிழக்கே பார்த்தால், கொத்தாகக் கார்த்திகை, அதன் கீழே செம்மஞ்சளாக ரோகிணி, அதற்கும் கீழே மூன்று நட்சத்திரம் வரிசை கட்டிய வேடன், அவன் தோளில் சிவப்பாகத் திருவாதிரை. அங்கிருந்து வடகிழக்காகத் தொடுவானத்துப் பக்கம் பார்வையை நகர்த்தினால் அருகருகே இரண்டு நட்சத்திரங்கள் எழுந்துகொண்டிருக்கும். தண்டவாளம் தூரத்தில் ஒரே புள்ளியில் சேர்வதுபோல் தெரியுமே, அதுபோல அன்றைய எரிநட்சத்திரங்களின் கோடுகளைப் பின்னோக்கி நீட்டினால் எல்லாம் அங்கே போய்ச் சேரும். ஆனால் அந்த இடத்தையே வெறித்துப் பார்க்க வேண்டியதில்லை. அங்கே விழுபவை குட்டையாகத் தெரியும். சற்றுத் தள்ளிப் பார்த்தால்தான் நீளக் கோடுகள் கிடைக்கும்.

தமிழ்நாட்டுக் குடும்பங்களுக்கு ஜெமினிட்ஸ் பொருத்தமானது என்பதற்குக் காரணம் இந்த நேரம்தான். மற்ற மழைகள் பெரும்பாலும் நடுநிசிக்கு மேலேதான் களைகட்டும். ஓடும் பஸ்ஸின் முன்கண்ணாடியில்தான் மழைத்துளி அதிகம் மோதும். நடுநிசிக்குப் பிறகுதான் நாம் பூமியின் 'முன்கண்ணாடி'ப் பக்கம் வருகிறோம். ஜெமினிட்ஸின் புள்ளியோ காவலூரில் இரவு ஏழரை மணி சுமாருக்கே எழுந்துவிடுகிறது. ஒன்பது, பத்து மணிக்குள் பிள்ளைகள் பத்து எரிநட்சத்திரமாவது எண்ணிவிட்டுத் தூங்கப் போகலாம். முன்னிரவில் எண்ணிக்கை குறைவு. ஆனால் அப்போது வருபவை வானத்தைச் சாய்வாக உரசிக்கொண்டு நீளமாகப் போகும். பின்னிரவு இரண்டு மணிக்கு அந்தப் புள்ளி ஏறக்குறைய உச்சிக்கு வரும். உச்சக்கட்டம் அப்போதுதான்.

எல்லாம் சரி, வானம் திறக்குமா? அங்கேதான் சிக்கல். டிசம்பர் நடுப்பகுதி என்றால் வடகிழக்குப் பருவமழை இன்னும் விடைபெறாத நேரம். 2016ஐ யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைப் புரட்டிப் போட்டது. மேகம் விலகிப் பார்த்தால் 14ஆம் தேதி முழு நிலா. அந்த வருடம் ஜெமினிட்ஸ் கணக்கில் முட்டை. 2024இல் திருவண்ணாமலை தீபம் டிசம்பர் 13 அன்றே வந்தது. கார்த்திகைத் தீபம் என்றாலே பௌர்ணமியை ஒட்டித்தானே! நிலா வெளிச்சத்தில் பிரகாசமானவை மட்டும் தப்பித்தவறித் தெரிந்தன.

ஆகவே கிளம்புவதற்கு முன் பார்க்க வேண்டியது பஞ்சாங்கம். 2026இல் டிசம்பர் 9 வாக்கில் அமாவாசை. 13ஆம் தேதி இருப்பது இளம்பிறை. பத்து மணி சுமாருக்கு அதுவும் மறைந்துவிடும், அதற்குப் பிறகு விடிய விடிய இருட்டு. 2027இல் டிசம்பர் 13 அன்றே பௌர்ணமி, எனவே போகாமல் இருப்பதே நல்லது. 2028இல் 16ஆம் தேதி அமாவாசை, அருமையான வருடம். இரண்டாவதாகப் பார்க்க வேண்டியது வானிலை அறிக்கை. வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு என்று செய்தி வந்தால் பயணத்தை ரத்து செய்துவிட வேண்டியதுதான். ஒரே இரவை நம்பாமல் 12, 13, 14 என்று மூன்று இரவுகளை ஒதுக்குகிறவர்கள் கெட்டிக்காரர்கள். உச்சத்துக்கு முந்தைய இரவும் மோசமாக இருக்காது. ஆனால் 14ஆம் தேதி இரவுக்குள் எண்ணிக்கை மளமளவென்று இறங்கிவிடும்.

போகிற இடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஆய்வகம் பெங்களூருவிலிருக்கும் இந்திய வான் இயற்பியல் நிறுவனத்துக்குச் சொந்தமானது. இரவில் அங்கே விஞ்ஞானிகள் வேலை செய்துகொண்டிருப்பார்கள். நினைத்த நேரத்தில் உள்ளே போக முடியாது. பார்வையாளர்களுக்கான நாளையும் நேரத்தையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, பகலிலேயே பார்த்துவிட வேண்டும். ராத்திரி வானத்துக்கு அந்த வளாகம் தேவையில்லை. காவலூரிலிருந்து ஜமுனாமரத்தூர் போகும் வழியெங்கும் சிறு சிறு ஊர்கள். மலையாளிப் பழங்குடி மக்களின் ஊர்கள் (கேரளத்து மலையாளிகள் அல்ல, மலையை ஆள்பவர்கள் என்று பொருள் சொல்வார்கள்). சாமை, தேன், புளி, பலா என்று மலையின் விளைச்சலில் வாழ்கிறவர்கள். தங்கும் விடுதியின் முற்றமோ, கேட்டு அனுமதி வாங்கிய ஒரு களத்துமேடோ போதும். காட்டுக்குள் மட்டும் இறங்கக் கூடாது. கரடியும் காட்டுப்பன்றியும் நடமாடும் மலை இது. வனத்துறை அனுமதிக்காத இடத்தில் டார்ச் அடித்துக்கொண்டு திரிவது வீரம் ஆகாது.

பாட்டுப் போட்டுக்கொண்டு, காரின் நான்கு விளக்கையும் எரியவிட்டுக்கொண்டு வானம் பார்க்க வரும் கும்பல்களும் உண்டு. அவர்கள் ஈ.சி.ஆர். பக்கம் போவது எல்லோருக்கும் நல்லது. ஆய்வகத்தைக் கடக்கும்போது ஹெட்லைட்டைத் தாழ்த்துவது இங்கே ஒரு மரியாதை.

இருட்டுக்குக் கண் பழக 20 நிமிடத்துக்கு மேல் ஆகும். அதுவரை வானத்தில் நட்சத்திரம் குறைவாகத்தான் தெரியும். பழகிய பிறகு ஒரே ஒரு முறை செல்போன் திரையைப் பார்த்தாலும் போச்சு, மறுபடி முதலிலிருந்து. இந்தக் கட்டுரையைப் படித்துக்கொண்டிருக்கும் அதே போன்தான் அன்றைக்கு எதிரி. பையில் போட்டு ஜிப்பை மூடிவிட வேண்டும். வெளிச்சம் அவசியமானால் டார்ச்சின் முகத்தில் சிவப்புக் கண்ணாடித்தாள் கட்டிக்கொள்ளலாம். சிவப்பு ஒளி கண்ணை அவ்வளவாகக் கெடுக்காது. பாய், அதன் மேல் ஜமுக்காளம், போர்த்திக்கொள்ளக் கம்பளி, தலைக்கு மஃப்ளர், பிளாஸ்க்கில் சுக்குக் காபி. பனி இறங்கும் என்பதால் பிளாஸ்டிக் விரிப்பு ஒன்று அடியில் இருந்தால் ஜமுக்காளம் நனையாது.

முதல் அரைமணி நேரம் எப்போதுமே சோதனைதான். வந்த குடும்பம் வரிசையாகப் படுத்திருக்கும். பக்கத்து ஊரில் நாய் குரைக்கும். "ஒண்ணும் விழல, கீழயே டிவி பாத்திருக்கலாம்" என்று ஒரு வாண்டு முனகும். அந்த நேரம் பார்த்துத் தாத்தா, "அதோ!" என்பார். எல்லோரும் திரும்புவதற்குள் அது போயிருக்கும். "எங்க தாத்தா? எங்க?" என்று கேட்டு என்ன பயன்? அடுத்தது விழும்போது தாத்தா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார். கடைசியில் எல்லோரும் ஒன்றாகப் பார்க்கும் ஒன்று வரும். மஞ்சளாக, தலையிலிருந்து கால்மாடு வரைக்கும் நிதானமாக. ஜெமினிட்ஸ் மற்ற மழைகளைவிட வேகம் குறைந்தது என்பதால் விரல் நீட்டிக் காட்ட ஒரு கணமாவது கொடுக்கும். அதன் பிறகு யாரும் டிவி பேச்சை எடுக்க மாட்டார்கள்.

பேனாவும் நோட்டும் எடுத்துப்போன பிள்ளைகளுக்கு ஒரு வேலை இருக்கிறது. கால் மணிக்கு ஒருமுறை, அதுவரை எத்தனை விழுந்தது, மேகம் எவ்வளவு மறைத்தது என்று குறித்துக்கொள்ள வேண்டும். நோட்டைப் பார்க்காமலேயே கோடு போடக் கற்றுக்கொண்டால் இன்னும் நல்லது. உலகம் முழுக்க இப்படி வெறும் கண்ணால் எண்ணியவர்களின் கணக்கைச் சர்வதேச விண்கல் அமைப்பு சேர்த்து வைக்கிறது. தூசுப் பாதையின் அடர்த்தி வருடா வருடம் எப்படி மாறுகிறது என்று தெரிவதற்கு அந்த நோட்டுக் கணக்குகளும் உதவுகின்றன.

பாட்டிகள் கூட வந்தால் வேறொரு பேச்சும் வரும். எரிநட்சத்திரம் விழுவதைப் பார்க்கக் கூடாது, பார்த்தால் உடனே பச்சை மரத்தைப் பார்க்க வேண்டும் என்று சில வீடுகளில் சொல்வார்கள். இந்தப் பயம் இன்று நேற்று வந்ததல்ல. புறநானூற்றின் 229ஆம் பாட்டு அதைப் பற்றித்தான். பங்குனி மாதத்து நள்ளிரவில் வானத்திலிருந்து ஒரு மீன் விழுவதைக் கூடலூர் கிழார் பார்க்கிறார். அரசனுக்கு ஏதும் ஆகக் கூடாதே என்று கலங்குகிறார். ஏழாம் நாள் சேரமன்னன் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை இறந்துபோகிறான். பயத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பார்த்தால், அந்தப் புலவர் வானத்தைக் கவனித்திருக்கும் நுணுக்கம் ஆச்சரியம். எந்த நட்சத்திரம் உச்சத்தில் இருந்தது, எது எழுந்தது, எது சாய்ந்தது என்று வரிசையாகக் குறித்துவிட்டுத்தான் விழுந்த மீனைச் சொல்கிறார். அன்றைக்கு அவருக்குக் காவலூர் தேவைப்பட்டிருக்காது. எந்த ஊரில் நின்றாலும் அதே வானம்.

இன்றைக்கு மலைமேல் ஏறி வந்த பிறகும் தொடுவானத்தைச் சுற்றிப் பார்த்தால், வாணியம்பாடி, ஆம்பூர், திருப்பத்தூர் பக்கமெல்லாம் வானத்தின் அடியில் ஒரு மங்கலான வெளிச்சம் தெரிகிறது. பாப்பு இடம் தேடி வந்த 1960களில் கீழே இவ்வளவு விளக்குகள் ஏது? மேல்நோக்கிச் சிந்தும் வெளிச்சத்தால் யாருக்கும் லாபமில்லை. விளக்குக்கு மேலே ஒரு மூடி போட்டால் தெருவுக்கும் கூடுதல் வெளிச்சம், வானத்துக்கும் இருட்டு. லடாக்கின் ஹான்லேயில் 2022இல் இருட்டைப் பாதுகாக்கவென்றே ஒரு காப்பகம் அறிவித்தார்கள். அங்கே ஊர்க்காரர்களே திரைச்சீலை போட்டு வெளிச்சத்தை மறைக்கிறார்கள், ஊர்க்காரர்களே வந்தவர்களுக்கு வானம் காட்டிச் சம்பாதிக்கவும் செய்கிறார்கள். ஜவ்வாது மலையில் அப்படி ஒன்று வந்தால், சாமையோடும் தேனோடும் இருட்டையும் ஒரு விளைச்சலாக அந்த ஊர்கள் விற்கலாமே!

டிசம்பர் மேகம் ஏமாற்றிவிட்டால் அடுத்து என்ன? ஜனவரி 3, 4இல் குவாட்ரான்டிட்ஸ் வரும். அதன் உச்சம் சில மணி நேரம்தான். அது நம் பகலில் விழுந்தால் போயிற்று. ஆகஸ்ட் 12, 13இன் பெர்சீட்ஸ் உலகப் புகழ் பெற்றது. ஆனால் அதன் புள்ளி நம் ஊரில் இரவு பத்தரை மணிக்கு மேல் வடகிழக்கில் எழுந்து, விடியும்வரை பாதி உயரத்துக்கு மேல் ஏறாது. கூடவே தென்மேற்குப் பருவத்தின் மேகம். வெளிநாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு அதற்காக லீவு போடுகிறவர்கள் யோசிக்க வேண்டும்.

அதிகம் பேர் கண்டுகொள்ளாத ஒன்று, மே 5, 6இல் வரும் ஈட்டா அக்வாரிட்ஸ். அமெரிக்கா, ஐரோப்பாக்காரர்களுக்கு அது சரியாகத் தெரியாது, தெற்கே இருக்கும் நமக்குத்தான் வாய்ப்பு. அக்னி நட்சத்திரம் தொடங்கி ஓரிரு நாள் ஆகியிருக்கும். பருவமழை இல்லை. மாடியில் பாய் போட்டுப் படுக்கிற காலம். பின்னிரவு மூன்று மணிக்கு அலாரம் வைத்து எழுந்து, விடியும்வரை கிழக்கே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். நிலா இல்லாத வருடமாக இருந்தால் மணிக்கு இருபது, இருபத்தைந்து கிடைக்கலாம். மிக வேகமானவை, நொடிக்கு 66 கி.மீ.; சில சமயம் புகைக்கோடு மாதிரி ஒரு தடத்தை விட்டுவிட்டுப் போகும்.

அந்தத் தூசு ஹாலி வால் நட்சத்திரம் சிந்தியது. காவலூர்த் தொலைநோக்கி திறக்கப்பட்ட அடுத்த மாதம், 1986 பிப்ரவரியில், ஹாலி சூரியனைச் சுற்றிவிட்டுத் திரும்பிப் போனது. மறுபடி வருவது 2061இல்.